லிதுவேனியாவின் பாட்டும் ஆட்டமும்: மேடைக்கு வந்ததும் கிராமத்தில் இருந்ததும்

வில்னியுஸ் நகரத்து விழா ஒன்றில் ஆயிரக்கணக்கானோர் மைதானம் நிறையக் கோலம் கோலமாகப் பிரிந்து சேர்ந்து ஆடும் காணொளியைப் பார்த்துவிட்டு மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். லிதுவேனிய கிராமங்களில் இப்படித்தான் ஆடினார்களா? அவர்களுடைய நாட்டுப்பாட்டுக்கும் அக்கம்பக்கத்து ரஷ்ய, போலந்துப் பாட்டுக்கும் என்ன வித்தியாசம்? இதையெல்லாம் கேட்க எங்கே தொடங்குவது?

முதல் கேள்விக்கு நேரான பதில், இல்லை. நீங்கள் பார்த்தது 20ஆம் நூற்றாண்டில் மேடைக்காக வளர்த்தெடுத்த கலை. அதைப் போலி என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கென்று ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது, அந்த மக்களின் அரசியல் வாழ்க்கையே அதில் அடங்கியிருக்கிறது. ஆனால் கிராமத்து மரபு வேறு. மேடையில் கேட்பதை வைத்துக் கிராமத்தை எடைபோட்டால் அந்த நாட்டு இசையில் மிகவும் வியக்கத்தக்க பகுதி நம் காதுக்கு எட்டாமலே போய்விடும். அந்தப் பகுதிதான் இரண்டாவது கேள்விக்கும் பதில் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அதன் பெயர் சுதார்த்தினேஸ். நாட்டின் வடகிழக்கில், அவுக்ஷ்தைத்தியா என்னும் வட்டாரத்தில், பிர்ஜை, குபிஷ்கிஸ் போன்ற ஊர்களைச் சுற்றி வழங்கிய பாட்டு வகை. பெரும்பாலும் பெண்கள் பாடுவது. இரண்டு பேர், மூன்று பேர், நான்கு பேர் என்று சின்னக் குழுவாக நின்று பாடுவார்கள். குரல் எல்லை மிகக் குறுகியது. பல பாட்டுகள் நாலைந்து சுரங்களுக்குள் முடிந்துவிடும். தனியாக ஒருவர் பாடிக் காட்டினால் குழந்தைப் பாட்டு போலத் தோன்றும். இரண்டாவது குரல் சேரும்போதுதான் விஷயமே தொடங்குகிறது.

ஒருவர் ‘ச’ பிடித்திருக்கும்போது இன்னொருவர் அதே நேரத்தில் ‘ரி’ பிடித்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு சுரங்கள் ஒன்றோடொன்று உரசும். ஒலியில் ஓர் அதிர்வு, ஓர் அலையடிப்பு எழும்பும். ஐரோப்பாவின் பாடகர் குழுக்களில் இதை அபசுரம் என்பார்கள், வந்தாலும் உடனே சரிசெய்து இனிமையான இடைவெளிக்குப் போய்விடுவார்கள். சுதார்த்தினேஸில் அந்த உரசல்தான் வீடு. பாட்டு முழுவதும் அதிலேயே நிற்கும், அதிலேயே முடியும். நன்றாகப் பாடும் இருவரின் குரல் மோதும்போது மூன்றாவதாக யாரோ கூடப் பாடுவது போன்ற ஒரு ரீங்காரம் கேட்கும். அதைக் கேட்ட பிறகு, அபசுரம் என்பது எல்லா ஊருக்கும் ஒன்றில்லை என்பதை யாரும் விளக்க வேண்டியிருக்காது.

பாடும் முறையிலும் அபாரமான கணக்கு இருக்கிறது. மூவர் பாடும் வகையை எடுத்துக்கொள்வோம். மெட்டுக்கு இரண்டு பாதிகள்: முதல் பாதியில் பொருளுள்ள வரி, இரண்டாம் பாதியில் பல்லவி போலத் திரும்பும் அசைச் சொற்கள். முதல் பெண் வரியைப் பாடி முடித்து அசைச் சொற்களுக்குப் போகும்போது இரண்டாம் பெண் வரியை எடுப்பாள். அவள் அசைக்குப் போகும்போது மூன்றாமவள் வரியை எடுப்பாள், முதலாமவள் மூச்சு வாங்குவாள். இப்படிச் சக்கரம் போல ஓடும். எந்த நேரத்திலும் இரண்டு குரல்தான் ஒலிக்கும். ஒன்றில் வரி, ஒன்றில் அசை. இரண்டு பாதிகளின் சுரங்களும் ஒன்றுக்கொன்று அடுத்த படியில் அமைந்திருப்பதால் எங்கே சேர்ந்தாலும் உரசும். நால்வர் பாடும் வகையில் இரண்டு ஜோடிகள் மாறி மாறிப் பாடுவார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருத்தி வரியைப் பாட, மற்றவள் அதே நேரத்தில் அசைகளைப் பாடுவாள். லீலியோ, சதவுதோ, தோபிலியோ, சியூதோ, ரதிலியோ என்று அசைகள் தாளத்தை இடம் மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டே போகும். வரிகளில் வருவது ரை தானிய அறுப்பு, ஆளி நார் வேலை, கல்யாணம், வாத்து, கரடி, முயல் என்று அன்றாடம்தான்.

இதைப் பாடிக்கொண்டே ஆடவும் செய்வார்கள். அந்த ஆட்டம் மிக அடக்கமானது. வட்டமாக நடப்பார்கள், கைகோத்து நட்சத்திர வடிவில் சுற்றுவார்கள், ஒரு ஜோடி எதிர் ஜோடியை நோக்கி வந்து இடம் மாறும், அவ்வப்போது காலைத் தரையில் அழுத்தித் தட்டுவார்கள். குதியாட்டம் இல்லை, சிரித்துக் காட்டுவதும் இல்லை. பார்ப்பவருக்காக ஆடாத ஆட்டத்துக்கு வரும் கனம் அதில் இருக்கிறது.

ஆண்கள் பங்கு கருவிகளில். ஸ்குடுச்சேய் என்பது அடிப்பக்கம் அடைத்த சிறு குழல்களின் தொகுதி. பல நாடுகளில் இத்தகைய குழல்களை வரிசையாகக் கட்டி ஒருவரே வாசிப்பார். இங்கே கட்டுவதில்லை. ஆளுக்கு ஒன்றோ இரண்டோ எடுத்துக்கொண்டு, தன் குழலுக்கு உரிய தாளத்தை மட்டும் ஊதுவார்கள். ஒருவர் ஊதுவது வெறும் ‘தூத்… துத்து’தான், ஐந்தாறு பேர் ஊதியதும் பின்னிப் பிணைந்து ஓர் இசை உருவாகும். அதற்கு மெட்டு என்று தனியாக எதையும் பிரித்துச் சொல்ல முடியாது. நீண்ட மரக் கொம்புகளும் இதே முறையில்தான் ஊதப்பட்டன. சுதார்த்தினேஸின் அதே உரசல் சுரங்கள், அதே குறுக்குத் தாளங்கள். குரலுக்கும் குழலுக்கும் பின்னால் இருப்பது ஒரே இசைச் சிந்தனை.

இனி கான்க்லேஸ். மடியில் வைத்து மீட்டும் தந்திக் கருவி; ஒரே மரக் கட்டையைக் குடைந்து, மேலே மெல்லிய பலகை ஒட்டி, தந்தி கட்டுவார்கள். பின்லாந்தின் கான்டெலே, எஸ்தோனியாவின் கன்னெல், லாத்வியாவின் கோக்லே எல்லாம் இதற்கு உறவு. பழைய கிராமத்துக் கருவியில் ஐந்து முதல் பன்னிரண்டு தந்திகள் வரை இருக்கும். வடகிழக்கில் ஐந்து தந்திக் கான்க்லேஸில் சுதார்த்தினேஸையே வாசித்தார்கள். மேற்கே வேறு முறை: இடக்கை விரல்களால் வேண்டாத தந்திகளை அமுக்கிவிட்டு, வலக்கையால் எல்லாத் தந்திகளையும் சேர்த்து வருடுவார்கள். வீட்டில் ஒருவர் இறந்த சமயத்தில் வெட்டிய மரத்தில் கருவி செய்தால் நாதம் நன்றாக வரும் என்ற நம்பிக்கையும் அங்கே சொல்லப்படுவதுண்டு. இன்று கச்சேரி மேடையில் நீங்கள் காணும் பெரிய கான்க்லேஸ் 20ஆம் நூற்றாண்டில் தந்திகளைக் கூட்டி மாற்றி அமைத்தது. அதன் ஒலி அழகுதான், ஆனால் கிராமத்துக் கருவியின் சன்னமான, ஒதுங்கி உட்கார்ந்து தனக்குத்தானே வாசித்துக்கொள்ளும் குணம் அதில் கிடைக்காது.

சுதார்த்தினேஸை மட்டும் கேட்டுவிட்டு லிதுவேனியா முழுவதும் இப்படித்தான் என்று நினைத்துவிடக் கூடாது. தெற்கே ட்சூகியா என்னும் மணற்பாங்கான பைன் காட்டு வட்டாரம். அங்கே ஒரே குரலில் நீண்டு போகும் பாட்டுகள். அறுவடை வயலில் பாடியது, திருமணத்தில் பாடியது, ஈஸ்டருக்கு வீடு வீடாகப் போய்ப் பாடியது என்று ஆண்டின் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பாட்டு. இந்தத் தெற்கத்திப் பாட்டை மேடைக்குக் கொண்டுவந்தவர்களில் 1946இல் பிறந்த வெரோனிகா பொவிலியோனியேனே முக்கியமானவர். பக்க வாத்தியம் எதுவும் இல்லாமல் அவர் பாடுவதைக் கேளுங்கள். ஜாஸ் சாக்சபோன் கலைஞர் பெத்ரஸ் விஷ்னியவுஸ்கஸுடன் சேர்ந்தும் பாடியிருக்கிறார். மேற்கே ஜெமைதியாவில் பாட்டு இன்னும் மெதுவாக, இழுத்து இழுத்து நடக்கும். ஜெமைதியாவுக்குத் தவக்காலத்துக்கு முந்தைய முகமூடி விழாவும் பெயர்போனது.

வடகிழக்கிலும்கூட சுதார்த்தினேஸுக்குப் பக்கத்திலேயே இன்னொரு வகைக் கூட்டுப் பாட்டு வளர்ந்தது. ‘ச’வுக்கு ‘க’ துணை நிற்கும், கேட்டவுடன் இனிக்கும் வகை அது. போலந்திலும் ரஷ்யாவிலும் நீங்கள் கேட்ட பாட்டுகளோடு இதற்கு நெருக்கம் அதிகம். எனவே உங்கள் கேள்விக்குப் பாதி பதில்: ஆம், அக்கம்பக்கத்தோடு பொதுவானது நிறைய இருக்கிறது. போல்கா, வால்ஸ், கட்ரில் ஆட்டங்களும், வயலின், அக்கார்டியன் வாசிக்கும் கிராமத்துக் குழுக்களும் எல்லைகளைத் தாண்டி வந்தவையே. அவற்றையும் லிதுவேனியர்கள் தங்களுடையதாகவே ஆடுகிறார்கள், அதில் தவறொன்றும் இல்லை.

பாட்டுகளின் உள்ளடக்கத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வீரர்களைப் பாடும் நெடுங்காவியம் இங்கே இல்லை. பெரும்பாலானவை பெண்ணின் குரலில் வரும் தன்னுணர்ச்சிப் பாட்டுகள். போருக்குப் போவதைப் பாடினாலும் களத்தைப் பாடாமல், குதிரைக்குச் சேணம் பூட்டும் தம்பியையும் வாசலில் நிற்கும் அக்காவையும் பாடும். கல்யாணப் பாட்டுகளில் அருவதாச் செடி திரும்பத் திரும்ப வரும். கன்னிப் பெண்கள் தோட்டத்தில் அதை வளர்ப்பார்கள். மணப்பெண் தலையில் அருவதா வளையம் சூடுவாள். கல்யாணத்தன்று அந்த வளையத்தை எடுத்துவிட்டு, மணமான பெண்ணுக்குரிய தலைத்துணியைக் கட்டுவார்கள். அம்மா வீட்டை விட்டுப் போகும் பெண்ணின் புலம்பல்தான் அந்தப் பாட்டுகளின் பெரும்பகுதி. சாவு வீட்டில் பாடும் ஒப்பாரிக்கும் கல்யாணப் புலம்பலுக்கும் ஒரே பெயர், நடையும் கிட்டத்தட்ட ஒன்று.

ஆட்டத்துக்கு வருகிறேன். கிராமத்தில் மூன்று அடுக்குகள் இருந்தன. ஒன்று, மேலே சொன்ன சுதார்த்தினேஸ் ஆட்டம். இரண்டாவது ரதேலெய் என்னும் வட்ட ஆட்டம். நம் கும்மியைப் போல ஆடுகிறவர்களே பாடுவார்கள், வாத்தியம் தேவையில்லை. பாட்டு என்ன சொல்கிறதோ அதை உடம்பு செய்து காட்டும்: கசகசா விதைப்பது, ஆளிச் செடி பறிப்பது, நடுவில் ஒருவரை நிறுத்தி ஜோடி தேடச் சொல்வது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாட்களிலும் தவக்காலத்திலும் நடனம் கூடாது என்பது கத்தோலிக்கக் கட்டுப்பாடு. ஆனால் இது விளையாட்டுதானே என்று ரதேலெய் அந்த நாட்களிலும் நடந்தது. அதனாலேயே பழைய வடிவங்கள் சில இதில் தங்கிப்போயின என்று நினைக்கிறேன். மூன்றாவது, வாத்தியத்துக்கு ஆடும் ஜோடி ஆட்டங்கள். கல்வேலிஸ் என்பது கொல்லன் ஆட்டம்; சம்மட்டி அடிப்பது போல உள்ளங்கைகளை மாற்றி மாற்றித் தட்டுவார்கள். மாலூனேலிஸில் காற்றாலை சுற்றுவது வரும். ப்லெஸ்டிங்கேலே தகைவிலான் குருவியின் ஆட்டம், பெண்களுக்கு உரியது. க்லும்பாகோயிஸ் என்பதில் மரச் செருப்பின் பெயரே இருக்கிறது. மிகிதா போன்ற ஆட்டங்களில் ஆண்கள் தங்கள் உடல் வலுவைக் காட்டுவார்கள்.

இவை எப்படி மைதானத்துக்கு வந்தன?

கதை ஏட்டில் தொடங்குகிறது. 1778-79இல் ஜெர்மன் அறிஞர் ஹெர்டர் வெளியிட்ட பன்னாட்டு மக்கள் பாட்டுத் தொகுப்பில் லிதுவேனியப் பாட்டுகளும் இடம்பெற்றன. அவற்றில் ஒன்றை ஜெர்மன் கவிஞர் கதே 1782இல் தன் இசை நாடகத்தில் எடுத்தாண்டார். கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் லியுத்விகஸ் ரேசா 1825இல் 85 பாட்டுகளை ஜெர்மன் மொழிபெயர்ப்புடன் வெளியிட்டார். லிதுவேனிய நாட்டுப்பாட்டுகளின் முதல் நூல் அதுதான். பிறகு அன்தானஸ் யுஷ்கா என்ற பாதிரியார் பல ஆண்டுகள் கிராமத்து மக்களிடம் கேட்டுக் கேட்டு எழுதிய பாட்டுகள் 1880 முதல் ரஷ்யாவின் கசான் நகரில் அச்சாயின. லத்தீன் எழுத்தில் லிதுவேனிய நூல் அச்சிடுவதை ரஷ்யப் பேரரசு 1864 முதல் 1904 வரை தடை செய்திருந்த காலம் அது. அவர் சேகரித்த மெட்டுகள், அவர் இறந்து 20 ஆண்டுகளுக்குப் பிறகு, 1900இல் இன்றைய போலந்தின் க்ராகோவில் வெளிவந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மெட்டுகள். அந்தத் தொகுதியிலிருந்த ஒரு மெட்டைத்தான் ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி 1913இல் தன் ‘வசந்தத்தின் சடங்கு’ இசைக்கோவையின் தொடக்கத்தில் பஸூன் குழலுக்குக் கொடுத்தார். 20ஆம் நூற்றாண்டு மேற்கத்திய இசையின் திருப்புமுனை என்று பாடப்புத்தகங்கள் சொல்லும் படைப்பு, ஒரு லிதுவேனிய கிராமத்து மெட்டோடு தொடங்குகிறது. இதைப் பலர் அறியாதிருப்பது எனக்கு எப்போதும் வருத்தம்தான்.

சுதார்த்தினேஸுக்கும் ஒரு பாதிரியார் கிடைத்தார். அடோல்ஃபஸ் சபல்யவுஸ்கஸ், பின்லாந்து அறிஞர் நியெமியுடன் சேர்ந்து வடகிழக்குப் பாட்டுகளை 1911இல் வெளியிட்டார். அதற்குள் அந்தப் பாட்டு கிராமங்களிலேயே மங்கத் தொடங்கிவிட்டது. தேவாலயப் பாட்டும் பள்ளிப் பாட்டும் அக்கார்டியனும் பழக்கிய இளம் காதுகளுக்கு, பாட்டிகளின் குரல் உரசல் பிடிக்கவில்லை. ஜெனோனஸ் ஸ்லவியூனஸ் 1958-59இல் மூன்று பெருந்தொகுதிகளாகப் பதிப்பித்தபோது அது பெரும்பாலும் ஏட்டிலும் ஒலிப்பதிவிலும் மட்டுமே இருந்தது.

மேடையின் கதை 1924 ஆகஸ்டில் கௌனாஸில் தொடங்குகிறது. நாடு விடுதலை பெற்ற புதிது. வில்னியுஸ் போலந்தின் கையில், கௌனாஸ் தற்காலிகத் தலைநகர். அங்கே நாடெங்கிலுமிருந்து பாடகர் குழுக்கள் கூடிய ‘பாட்டு நாள்’தான் இன்றைய விழாவின் முதல் அடி. எஸ்தோனியாவும் லாத்வியாவும் 19ஆம் நூற்றாண்டிலேயே இத்தகைய விழாவைத் தொடங்கிவிட்டன. அச்சுத் தடையில் கிடந்த லிதுவேனியா தாமதமாகத்தான் வந்தது. 1937இல் கௌனாஸிலேயே நாட்டு நடனங்களுக்கென்று தனி விழா நடந்தது. சோவியத் ஆட்சியில் இது பிரம்மாண்டமாக வளர்ந்தது. 1940இல் யோனஸ் ஷ்வேதஸ் நிறுவிய ‘லியெதுவா’ அரசுக் குழு, மேம்படுத்திய கருவிகளையும் தொழில்முறை நடனத்தையும் கொண்டுவந்தது. அதில் யுவோசஸ் லிங்கிஸ் அமைத்த ஆட்டங்கள்தான் நாடு முழுவதும் பரவி, இன்று மைதானத்தில் நீங்கள் காணும் பாணிக்கு அடித்தளமாயின. நாலு ஜோடி ஆடிய கல்வேலிஸ் நானூறு ஜோடிக்கு விரிந்தது. மேலிருந்து பார்ப்பவருக்குக் கோலம் தெரிய வேண்டும் என்பதற்காக அடவுகள் நேராக்கப்பட்டன, வேகம் கூட்டப்பட்டது, முகத்தில் புன்னகை சேர்ந்தது. கிராமத்தில் ஆளுக்கு ஆள் மாறிய அடி, மேடையில் ஒரே அடியாயிற்று.

கட்சியைப் புகழும் பாட்டுகளும் கட்டாயம் பாட வேண்டியிருந்தது. இருந்தாலும் பல்லாயிரம் பேர் ஒன்றாகத் தாய்மொழியில் பாடக் கிடைத்த ஒரே இடம் அது என்பதால் மக்கள் அதை விடவில்லை. 1988 தொடங்கி 1991 வரை மூன்று பால்டிக் நாடுகளும் விடுதலைக்குத் திரண்டதைப் ‘பாடும் புரட்சி’ என்கிறார்கள். 1991 ஜனவரி 13 அன்று வில்னியுஸ் தொலைக்காட்சிக் கோபுரத்தில் சோவியத் படை 14 பேரின் உயிரைப் பறித்த அந்த நாட்களில், கூடி நின்ற மக்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் மேடை மரபைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வருவதில்லை. மூன்று நாடுகளின் பாட்டு, நடன விழாக்களையும் யுனெஸ்கோ 2003இல் அங்கீகரித்தது. 2024இல் லிதுவேனிய விழா நூற்றாண்டு கண்டது.

அதே சோவியத் காலத்தில் இன்னோர் ஓட்டமும் இருந்தது, என் பார்வையில் அதுதான் பெரிய சாதனை. 1960களின் பிற்பகுதியில் நகரத்து மாணவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிராமங்களுக்குப் போய், பாட்டிகளின் பக்கத்தில் உட்கார்ந்து பதிவு செய்தார்கள், கற்றுக்கொண்டார்கள். 1967இல் கெர்னவே என்னும் ஊரில், ஆண்டின் மிக நீண்ட பகலையொட்டி வரும் கோடை விழாவான ரசோஸைப் பழைய முறையில் கொண்டாடினார்கள். 1968இல் வில்னியுஸ் பல்கலைக்கழகத்தில் ‘ரதிலியோ’ என்ற நாட்டுப்பாட்டுக் குழு தோன்றியது. அதே ஆண்டில் பொவிலஸ் மதைதிஸ் தன் நாட்டாரியல் அரங்கைத் தொடங்கினார். மெருகு ஏற்றாமல், கிராமத்தில் பாடியபடியே பாட வேண்டும் என்பது இவர்களின் பிடிவாதம். அரசு இதைச் சந்தேகக் கண்ணோடுதான் பார்த்தது. இவ்வியக்கத்தின் முன்னோடிகளில் ஒருவரான யோனஸ் த்ரின்கூனஸ் 1973இல் பல்கலைக்கழக வேலையை இழந்தார்.

சுதார்த்தினேஸ் திரும்பி வந்தது இந்த வழியில்தான். அம்மாவிடமிருந்து மகளுக்கு வந்த சங்கிலி அறுந்துவிட்டது; ஏட்டிலிருந்தும் பழைய ஒலிப்பதிவிலிருந்தும் புதிதாகக் கற்றார்கள். இசை ஆய்வாளர் டைவா ரச்யூனைதே விச்சினியேனே நடத்தும் ‘த்ரீஸ் கெதுரியோசே’ குழு இதில் முதன்மையானது. ஆய்வு செய்கிறவரே பாடவும் செய்வதால், பதிவில் கேட்கும் அந்த உரசலை எவ்வளவு நெருக்கமாகப் பிடிப்பது என்ற கவனம் அவர்களிடம் இருக்கிறது. இசையமைப்பாளர் ப்ரோனியுஸ் குதவிச்சியுஸ் 1978இல் எழுதிய ‘கடைசிப் பாகன் சடங்குகள்’ என்ற படைப்பு, இந்தப் பின்னல் முறையை நவீன இசைக்குள் கொண்டுபோனது. 2010இல் யுனெஸ்கோ சுதார்த்தினேஸைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இன்று நகரத்துப் பெண்கள் வேலை முடிந்து மாலையில் கூடிப் பாடுகிறார்கள். இதைச் செயற்கையான மீட்பு என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டு பேர் எதிரெதிரே நின்று மூச்சையும் தாளத்தையும் பொருத்திப் பாடும்போது அதில் செயற்கை எங்கிருந்து வரும்?

எங்கே தொடங்குவது என்று கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். முதலில் ‘த்ரீஸ் கெதுரியோசே’ பாடும் மூவர் பாட்டு ஒன்றைக் காதொலிப்பானில் கேளுங்கள். முதல் முறை மொத்தமாக. அடுத்த முறை ஒரே ஒரு குரலை மட்டும் பிடித்து அதன் பின்னாலேயே போங்கள். பிறகு இன்னொரு குரல். அதன் பிறகு ஸ்குடுச்சேய், பிறகு பொவிலியோனியேனே, பிறகு பழைய கான்க்லேஸ். ‘லியெதுவா’ குழுவையும் மைதான விழாவையும் அதற்கு அப்புறம் பாருங்கள்; எது எங்கிருந்து வந்தது என்று கண்ணுக்கே தெரியும். இன்றைய இளைஞர்கள் இதை என்ன செய்கிறார்கள் என்று அறிய, 1995 முதல் நடக்கும் ‘மேனுவோ யுவோதரகிஸ்’ விழாவின் பதிவுகள் உதவும். ராக் இசையோடு கலந்தவை உட்படப் பல வகையும் அதில் உண்டு.

நேரில் போக வாய்த்தால் மே மாதக் கடைசியில் வில்னியுஸ் போங்கள். ‘ஸ்கம்பா ஸ்கம்பா கன்க்லெய்’ விழாவில் பழைய நகரத்தின் முற்றங்களிலும் தெருக்களிலும் கிராமத்துக் குழுக்கள் பாடும், கட்டணம் இல்லாத நிகழ்ச்சிகள் நிறைய. ஜூன் 23 இரவு கெர்னவேயில் ரசோஸ். பாட்டு விழாவுக்குத்தான் போக வேண்டும் என்றால், அது சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வரும் என்பதால் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். மற்ற மாதங்களில் வில்னியுஸிலும் கௌனாஸிலும் நாட்டு நடன மன்றங்கள் நடத்தும் மாலைக் கூடல்களுக்குப் போகலாம். கிராமத்துப் பாணியில் வயலினும் அக்கார்டியனும் நேரில் வாசிக்க, வந்தவர்கள் எல்லாரும் ஆடுவார்கள். அடி தெரியாது என்று ஓரமாக நிற்க வேண்டாம், பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்வார். கல்வேலிஸ் மட்டும் முன்பே காணொளி பார்த்துப் பழகிக்கொண்டு போங்கள், பெரும்பாலும் அது வரும்.